இறக்கைக்கு அடியில் கம்பளி நூல்

மிதுனா வெள்ளவத்தைக்காரி, பொறியியல் கடைசி வருடம். மாணவர்கள் சேர்ந்து கட்டிய, நாலு சக்கரமும் வெளியே தெரியும் ஒற்றை ஆள் ரேஸ் காருக்கு முன் இறக்கையை வடிவமைத்தவள் அவள்தான். விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். அதையே கவிழ்த்து வைத்தால் காரின் மூக்கைத் தரையோடு அழுத்தும், வளைவில் டயர் வழுக்காது. இதை வீட்டில் விளக்கி விளக்கி, அம்மா யோகேஸ்வரி அவளைக் கண்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை போட்டி. இறக்கையோடு ஓடுவதா, கழற்றிவிட்டு ஓடுவதா என்று இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். ஒருகொடவத்தையில், கொன்டெய்னர் அடுக்கும் ஒரு வளவில்தான் ஞாயிறு தோறும் சோதனை.

காரை ஓட்டுபவன் கொட்டாஞ்சேனை றமேஷ், அவளுடைய வகுப்புத்தான். மூன்று ஞாயிறாக ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அவள் ஓடிப்போய் இறக்கை எப்படி என்று கேட்பாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, "நல்லா இருக்கு" என்பான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். நல்லதை இன்னும் நல்லதாக்குவோமே என்று அழுத்தம் கூடட்டும் என்று இறக்கையின் பின்விளிம்பு மடலை இரண்டு பாகை நிமிர்த்தி வைப்பாள்.

இன்றைக்கு இறக்கையின் அடிப்பக்கத்தில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, சின்னக் கமெரா ஒன்றையும் பூட்டி அனுப்பினாள். காற்று ஒழுங்காகப் போனால் நூல்கள் பின்னோக்கிப் படிந்து கிடக்கும். வீடியோவில் அவை பேயாட்டம் ஆடின. மடல் அளவுக்கு மிஞ்சி நிமிர்ந்து, காற்று இறக்கையை விட்டே விலகிவிட்டது. அழுத்தம் போச்சு.

வளைவில் கார் திரும்பாமல் நேரே போனால் எதிரே இரும்புக் கொன்டெய்னர். வீடியோவைப் பார்த்தது அவள் மட்டும்தான். இரண்டு வருட உழைப்பு. வாயை மூடிக்கொள்ள ஒரு கணம் ஆசை வந்தது உண்மை. வெட்கப்பட்டுக்கொண்டே அவனிடம் போனாள்.

"றமேஷ், இறக்கை பிழை. நான்தான் பிழை விட்டனான். கழட்டுவம்."

"தெரியுங்க," என்றான் அவன். "போன ஞாயித்துக்கிழமையே முன்பக்கம் தரையப் பிடிக்கல. வளைவுல நேரா தள்ளிக்கிட்டுப் போச்சு."

"பிறகேன் நல்லா இருக்கெண்டு சொன்னனீர்?"

"நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க. எப்பிடிங்க சொல்றது?"

மிதுனாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"உம்மட சொல்லை நம்பித்தானே நிமித்திக்கொண்டே வந்தனான். அடிபட்டிருந்தா? என்ர மனம் நொந்தா நோகட்டும், நீர் உள்ளதைச் சொல்லும்."

அவன் குனிந்து மடலைத் தொட்டுப் பார்த்தான். இவ்வளவு நல்லவனை வைத்துக்கொண்டு ஒரு காரை எப்படித்தான் திருத்துவது?

"கழட்ட வேணாங்க," என்றான் கடைசியில். "மடல இறக்கி வச்சுப் பாப்போம். மெதுவாத்தான் போவேன்."

மடலை இறக்கினாள். ஐந்து சுற்று முடித்து வந்து நின்றவன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் முகத்தைப் பார்த்தான்.

"பரவாயில்ல. ஆனா சரியில்லைங்க. வலது பக்கம் திரும்புறப்ப இன்னும் தள்ளுது."

அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது மிதுனாவுக்கு. ஸ்பேனரோடு முழங்காலில் இருந்தாள்.

"வளைவில எந்த இடத்தில? வடிவா விளங்கச் சொல்லும்."