நான்காவது வாரத்தில் ஒரு கோடும் இல்லை

பாட்டில் ஆலையில் அவளுக்குக் கழுகு என்று பேர். பெல்ட்டில் ஓடிவரும் பாட்டில்களை வெளிச்சத்தில் பார்த்து, கீறல் விழுந்ததைப் பிடுங்கி எறிவது அவள் பன்னிரண்டு வருட வேலை. ஒருமுறை அவள் முறைத்த முறைப்பில் நல்ல பாட்டில் ஒன்று தானாகவே விரிசல் விட்டதாம். சொன்னவர் சூப்பர்வைசர், பொய் சொல்லுமளவுக்கு அவருக்குக் கற்பனை கிடையாது. பிடுங்கிய பாட்டிலுக்குத் தாளில் ஒரு கோடு. தாள் வெறுமையாக இருந்தால் அன்று எல்லாம் நலம்.

அவளுக்கு ஒரே மகள். ஒன்பது வயது. வீட்டில் நிதானம் என்று கூப்பிடுவார்கள். பல் துலக்கப் போனால் திரும்பி வருவதற்குள் பற்பசை விலை ஏறிவிடும். சேட்டை இல்லை, சத்தம் இல்லை. கண் கரும்பலகையில் இருக்கும், ஆள் இருக்க மாட்டாள். பாதிக் கணக்கில் பென்சில் நின்றுவிடும். நாலு வாரத்தில் தேறாவிட்டால் இரண்டு வகுப்பு கீழே இறக்கிவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டாள்.

சோதித்துப் பார்த்த மருத்துவர், இது சோம்பல் இல்லை, கவனக்குறைபாடு என்றார். மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால், மூன்றாவது உள்ளே நுழையும்போது முதலாவது வெளியே போய்விடுமாம். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், செய்ததும் பாராட்டுங்கள் என்று ஒரு தாள் கொடுத்தார். பை அடுக்குவது, வீட்டுப்பாடம் தொடங்குவது, முடிப்பது. பள்ளி நாளுக்கு மூன்று கட்டம். கட்டத்தில் கோடு போட்டு வாருங்கள் என்றார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. கழுகு தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். கோடு போட அவளுக்கா சொல்லித்தர வேண்டும்?

முதல் வாரம் பதிமூன்று கோடு. இரண்டாவது வாரம் எட்டு. மூன்றாவதில் மூன்று. நான்காவது வாரத்தில் ஒன்றுகூட இல்லை. வாய்விட்டுப் பாராட்ட அவளுக்கு வரவில்லை. ஆலையில் நல்ல பாட்டிலை யாரும் தட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் உள்ளுக்குள் கால் தரையில் பாவவில்லை. மகள் தினமும் மாலையில் தாளை எட்டிப் பார்ப்பாள். போய் மறுபடி புத்தகத்தைத் திறப்பாள்.

மகள் தேறியதற்குச் சான்றாகத் தாளின் நகலைப் பள்ளியில் கொடுத்தாள். மூன்றாம் நாள் வகுப்புப் பட்டியல் ஒட்டினார்கள். மகள் பெயர் இரண்டு வகுப்பு கீழே இருந்தது.

கொதித்துப்போய் மகளையும் தாளையும் இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனாள். அவர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"முதல் வாரம் பதிமூணு தடவை சரியா செஞ்சிருக்கா. அப்புறம் ஏம்மா இப்படி விட்டுட்டா?"

"அது தப்புக்குப் போட்ட கோடு டாக்டர்."

மருத்துவர் உடனே பள்ளிக்குப் போன் போட்டார். பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, இடத்தையும் வேறு பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அங்கே மரியாதையாகச் சொன்னார்கள்.

"நல்லா செஞ்சா அம்மா கோடு போடுவாங்கன்னு இவர்தான் அன்னிக்கு சோதிக்கும்போது எங்கிட்ட சொன்னாரு" என்றாள் மகள்.

"தெரிஞ்சும் ஏண்டி கேக்கல?"

"இன்னும் நிறைய செய்யணும் போலன்னு நினைச்சேன்."

கழுகு மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். நான்காவது வாரத்தின் பதினைந்து கட்டத்திலும் அழுத்தி அழுத்திக் கோடு போட்டு மகளிடம் நீட்டினாள். மகள் வாங்கவில்லை.

"இனிமே என்னால முடியாதும்மா" என்றாள், கோபமே இல்லாமல்.

மறுநாள் காலை பை காலியாகக் கிடந்தது. கழுகு குனிந்து அதில் புத்தகங்களை அடுக்கினாள். பெரிய எழுத்தும் நிறையப் படமும் போட்ட புத்தகங்கள்.