காரணம் எழுதும் கட்டம்

சார்லி டாக்டரின் பேனாவைப் பிடித்துவிட்டான்.

"மாரடைப்புன்னு எழுதாதீங்க சார். கேன்சர்னு எழுதுங்க."

உள்ளூர் டாக்டர் வெற்றிச்செல்வன் நிமிர்ந்தார். இறப்புப் படிவத்தில் காரணம் எழுதும் கட்டத்தில் முதல் எழுத்து மட்டும் விழுந்திருந்தது.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா சாலமோன் படுத்திருந்தார். நாலு மணிக்கு அடக்கம். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"பேனாவ விடுப்பா," என்றார் டாக்டர், கோபமில்லாமல்.

ஜாய்ஸ் அறைக் கதவைச் சாத்தினாள். "அண்ணா, அம்மா காதுல விழுது."

"விழட்டும். மூணு வருஷமா கட்டிய வெச்சிகினு இருந்தாரு மனுஷன். ஆபரேஷன் பண்ண வுடாம தடுத்தது இவதான் சார். இஸ்கூல் டீச்சரு. பெரிய டாக்டரு மாதிரி ஆறு மாசத்துக்கு ஒருக்கா வேலூருக்கு பஸ்ஸுல இட்டுகினு போனா. இன்னா ஆச்சு?"

ஓசூரிலிருந்து போன் போடும்போதெல்லாம் தங்கையிடம் இதையே சொல்லிவந்திருக்கிறான். அப்பாவிடம் அந்த வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மட்டும் துணிவு வந்ததில்லை. ஜாய்ஸ் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. அதனாலேயே தப்பு அவளுடையது என்று முடிவு கட்டியிருந்தான்.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "போன மாசம் வேலூர்ல எடுத்த ரிசல்ட் இது. ப்ராஸ்டேட் கட்டி மூணு வருஷமா அப்படியே இருக்கு, வளரவே இல்ல. இன்னைக்கு நின்னது இதயம்."

"ஆபரேஷன் பண்ணியிருந்தா?"

"பண்ணியிருந்தாலும் அதே இதயம்தானேப்பா."

கதவு திறந்தது. எல்லப்பன் தலையை நீட்டினார். காலையில் அவர் வீட்டுத் தறியில்தான் சாலமோன் சாய்ந்தார். "சர்ச்சு சாமியாரு வந்துட்டாரு. ஜல்தி ஆவட்டும். சாலமோனு உசுரோட இருந்தா இந்நேரம் பொட்டிய அவரே தூக்கினு போயிருப்பாரு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கதவை இழுத்துக்கொண்டார்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு வருஷம் முன்ன, கட்டின்னு தெரிஞ்ச அன்னைக்கு உங்க அப்பாகிட்ட ரெண்டு வழி சொன்னேன். ஒண்ணு, வெட்டி எடுக்கறது. எடுத்தா சில பேருக்கு மூத்திரம் அடங்காம சொட்டும். இன்னொண்ணு, ரத்தம், ஸ்கேன்னு பாத்துகினே வரது. வளர்ந்தா அப்ப வைத்தியம். அவருக்கு கட்டியப் பத்தி பயமே இல்ல. 'சொட்டுமா சார்'னு அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டாரு. 'ஊரான் வூட்டு பட்டு மேல குந்தி வேலை செய்றவன் சார் நானு'ன்னாரு."

தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல் தீரப்போகும்போது அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பது சாலமோனின் தொழில். வீடு வீடாகப் போய், நாலாயிரத்துச் சொச்சம் இழை. காலை முதல் சாயங்காலம் வரை எழுந்திருக்கமாட்டார்.

"அதுக்காக? உசுரு பெருசா, பட்டு பெருசா?" என்றான் சார்லி. "இவளாவது எடுத்துச் சொல்லியிருக்கணும் இல்ல?"

"யாரு, ஜாய்ஸா? ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு நின்னதே இவங்கதான். என் ரூம்லயே அப்பாவும் பொண்ணும் ஒரே சண்டை."

சார்லி தங்கையைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"சார், நேரமாச்சு," என்றாள் அவசரமாக. "எழுதிக் குடுத்துடுங்க, போதும்."

"இரும்மா, உங்க அண்ணனுக்குத் தெரியாததா? 'பையன ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்'னு உங்க அப்பா வெளிய போய் போன் பண்ணாரு. ரெண்டு நிமிஷம்கூட ஆகல, மொகம் தெளிஞ்சி திரும்பி வந்தாரு. 'பெரியவன் சொல்லிட்டான் சார், பாத்துக்கலாமாம்'னு கையெழுத்து போட்டாரு. நல்லதாத்தான் சொன்னீங்க. அந்தக் கட்டிக்கு அது சரியான முடிவு. நிம்மதியா இருந்தாரு மனுஷன்."

டாக்டர் படிவத்தில் மிச்ச எழுத்துகளை எழுதத் தொடங்கினார். கூடத்தில் பாட்டு ஆரம்பமானது. சார்லி சுவரில் சாய்ந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன், ஓசூர் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியம். போனில் அப்பா எதையோ இரண்டு முறை கேட்டார். இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. கூரை ஒழுகுவதைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்தான். என்ன என்று திருப்பிக் கேட்கவில்லை. போனை வைப்பதற்கு எப்போதும் சொல்வதையே அன்றும் சொன்னான்.

"பாத்துக்கலாம்ப்பா."