முப்பத்தாறு பூட்டு

மந்தாரக்குப்பத்தில் ஜாஸ்பர் ஸ்டூடியோ தெரியாதவர்கள் கிடையாது. நிலக்கரி மைன்ஸ் கேட் பாஸுக்குப் போட்டோ, காதுகுத்துக்கு ஆல்பம், கோர்ட்டுக்கு ஜெராக்ஸ், எல்லாம் நான்தான். அதனால்தான் முந்திரிமேட்டு ஊராட்சி வழக்கில் இரண்டு தரப்புக்கும் நானே வேலை பார்த்து, ஒரு பெண்ணின் முன்னால் தலைகுனிந்து நிற்கும்படி ஆயிற்று.

முந்திரிமேட்டில் குமரவேல் இரண்டு முறை தலைவராக இருந்தவர். இந்த முறை அந்தப் பதவியைப் பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. காலனிக்காரர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகைக்குப் போய்விட்டார்கள், ஆளே இல்லாத இடத்தில் ஒதுக்கீடு செல்லாது என்று ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார். அதற்கு ஆதாரம் வேண்டுமே, என்னை அழைத்துப் போனார்.

மார்கழி மாதம், புதன்கிழமை, காலை பத்தரை மணி. காலனித் தெருவில் முப்பத்தாறு வீடு. முப்பத்தாறிலும் பூட்டு.

"கதவும் பூட்டும் தெரிஞ்சா போதும் ஜாஸ்பரு" என்றார். சுற்றியிருந்ததை வெட்டிவிட்டு, கீழே தேதியும் மணியும் விழும்படி பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரத்தில் ஆண்கள் மைன்ஸில் ஃபர்ஸ்ட் ஷிப்டில் இருப்பார்கள், பெண்கள் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? கேட் பாஸுக்கு அத்தனை முகங்களையும் படம் எடுத்தவன் நான். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தை மாதம் குமரவேல் வீட்டில் கல்யாணம் இருந்தது, ஆல்பம் ஆர்டர் எனக்கு.

பத்து நாள் கழித்து மலர்விழி வந்தாள். டவுன்ஷிப் பிளாக்குகளில் பெருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. அந்தத் தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறவள். வழக்கில் தன்னையும் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டு, எதிர்த்தரப்புக் காகிதங்களை வாங்கியிருந்தாள். ஷிப்ட் முடிந்து நீலச் சீருடையோடு நேராக வந்து, அவற்றை ஜெராக்ஸ் எடுக்க என்னிடமே நீட்டினாள். பார்த்தால் என் படங்கள். பின்னால் என் கடை முத்திரை வேறு.

கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒவ்வொரு படமாகப் புரட்டிக்கொண்டு வந்து ஒன்றில் நிறுத்தினாள்.

"இது எங்க வூடு, அண்ணா."

"தெரியும்மா."

"இந்த ஓரத்துல நீலமா தெரியுது பாருங்க. இது என்னோட யூனிஃபார்ம் கை. ரெண்டு செட்டுதான் குடுக்குறாங்க. ஒண்ணைப் போட்டுக்கினு போவேன், இன்னொண்ணைத் தொவைச்சு கொடியில போட்டுட்டுப் போவேன். தெருவே அப்படித்தான். நீங்க முழுசாதான எடுத்திருப்பீங்க?"

முழுப் படங்களையும் கம்ப்யூட்டரில் திறந்தேன். வீட்டுக்கு வீடு கொடி. சீருடை, பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை. சொட்டிய தண்ணீரில் வாசல் மண் கறுத்துக் கிடந்தது. இருவரும் எண்ணினோம். முப்பத்தொரு வீட்டில் ஈரத் துணி இருந்தது.

"மிச்சம் அஞ்சு படத்தை விட்டுடலாமா?" என்று கேட்டேன். நல்லது செய்கிற நினைப்பில்தான் கேட்டேன்.

"வேணாங்க. அந்த அஞ்சு பேரும் நெசமாவே இங்க வாடகைக்கு வந்துட்டாங்க. அதையும் சேர்த்துக் குடுங்க. அவரு வெட்டின மாதிரி நாமளும் வெட்டக் கூடாது."

வெட்டியது நான். அதை அவள் சொல்லவில்லை. சுள்ளென்று நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க எடுத்த படம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். கல்யாண ஆர்டர் போயிடும்ணா. யோசிச்சு சொல்லுங்க."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மறுநாளே அவளுடைய வக்கீல் சொன்னபடி கையெழுத்துப் போட்டேன். கல்யாண ஆல்பம் பண்ருட்டிக்காரனுக்குப் போயிற்று.

விசாரணையில் நீதிபதி கேட்டது ஒரே கேள்விதானாம். ஆளில்லாத வீட்டில் காலை பத்தரை மணிக்கு ஈரத் துணி காயப்போட்டது யார்? வழக்குத் தள்ளுபடியானது. தேர்தலில் மலர்விழி ஜெயித்தாள். ஷிப்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இப்போது விடிந்தால் தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, பள்ளிக்கூடம் என்று அலைகிறாள். அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

போன வாரம் குமரவேல் கடைக்கு வந்தார். ஏதோ ஒரு விண்ணப்பத்தில் தலைவர் கையெழுத்து வேண்டுமாம்.

"ரெண்டு தடவை போயிட்டேன் ஜாஸ்பரு. வூடு பூட்டிக்கினு இருக்குது. ஆளே இல்ல."

"கொடியில துணி ஈரமா இருந்துச்சா?"

கையிலிருந்த விண்ணப்பத்தை மடித்தார்.

"இருந்துச்சு" என்றார்.

"அப்போ ஆள் இருக்காங்க. உக்காருங்க, ஊர் வேலையா இந்தப் பக்கமாத்தான் வருவாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.