எல்லாருக்கும் கொடுத்த குரல்

தொண்ணூற்றொன்பதில், அடையாறில் ஞாயிறுதோறும் கூடும் லினக்ஸ் என்ற இலவச மென்பொருள்காரர்களின் கூட்டத்துக்கு நான் போனது கம்ப்யூட்டர் ஆசையால் இல்லை. என் தம்பி சஃப்வானுக்குக் கண் தெரியாது. தமிழைச் சத்தமாக வாசிக்கும் ஒரு நிரலை அங்கே சம்பளம் இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு குரல் வேண்டும் என்றார்கள். நான் கே.கே. நகரில் டீச்சர். தொண்டைக்கா பஞ்சம்? எழுத்தெழுத்தாக, சொல் சொல்லாகப் பேசிக் கொடுத்தேன்.

கொடுக்கும்போது உரிமத்தில் ஒரு வரி சேர்த்தேன்: வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கூட்டத்தை நடத்தும் அச்யுத் அதை அடித்துவிட்டான்.

"இந்த வரி இருந்தா நம்ம சிடியில போட முடியாதுக்கா. யார் வேணா, எதுக்கு வேணா உபயோகிக்கலாம். மாத்தித் தந்தா, மாத்தினதையும் சேத்துத் தரணும். அதான் ரூல்."

"எதுக்கு வேணான்னா?"

"எதுக்கு வேணான்னா எதுக்கு வேணாதான்."

சஃப்வானின் பரீட்சைக்கு முன்னால் அந்த சிடி வந்தாக வேண்டும். புதிதாய் வந்தவள் சட்டம் பேசினால் எடுபடுமா? தலையாட்டிவிட்டேன்.

சிடி வந்தது. நான் பாடத்தைத் தட்டிப் போட, அது வாசிக்க, தம்பி பாஸ் பண்ணினான். அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் வடபழனி பஸ் டிப்போவில் எனக்காகக் காத்திருந்த சஃப்வான், என் குரல் கேட்டு அந்தப் பக்கம் நடந்திருக்கிறான். "வாங்க, வாங்க, நாளைக்குக் குலுக்கல்!" லாட்டரிக் கடை ஸ்பீக்கர். கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு அக்கா, அக்கா என்று கூப்பிட்டானாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம், பாவிகள்! லாட்டரிச் சீட்டு எங்களுக்கு ஹராம். அதை என் வாயே கூவி விற்கிறது. யா அல்லாஹ்!

கடைக்காரர் அய்யாதுரையிடம் சண்டைக்குப் போனேன். அவர் ரொம்ப மரியாதையாக ஒரு ஃப்ளாப்பியை நீட்டினார்.

"என் மச்சான் கம்ப்யூட்டர்ல போட்டுக் குட்த்தான்மா. மாத்துனது அல்லாம் இதுல கீது, எட்துக்கினு போ. தோ, ஸ்கிரீன்ல உன் பேரு கூட கீது பாரு. அல்லாம் ரூல்படிதான்."

'குரல்: சிம்ரா' என்று இருந்தது. நேரே அச்யுத்திடம் ஓடினேன்.

"நான் குடுத்ததைத் திருப்பி வாங்கிக்கிறேன்பா."

அவன் முகம் வாடிப்போயிற்று. "அடுத்த சிடியில எடுத்துடலாம்க்கா. வெளில போனதை யாராலயும் வாபஸ் வாங்க முடியாது."

"அப்ப அந்த ஆளு பண்ணது தப்பில்லையா?"

"யாருமே தப்புப் பண்ணலையேக்கா. நான் என்ன செய்ய?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். யாரைப் பிடித்து உலுக்குவது?

மறுநாள் டிப்போவில் முன்னதாகவே போய் நின்றேன். லாட்டரிக் கடையில் என் குரல் கூவிக்கொண்டிருக்க, சஃப்வான் பஸ்ஸை விட்டு இறங்கினான்.

"சஃப்வான், இங்க வாடா!"

அவன் அசையவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். கோலை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "நான்தான்டா, அக்கா" என்றேன்.

"யாருங்க?" என்றான்.