பி வகுப்பின் புள்ளிகள்

உதயகலா ரீச்சர் இசைக் கல்வியில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்து ஆறு வருடமாகிறது. மூன்று தரம் தவணை கொடுத்த பல்கலைக்கழகம், சித்திரையோடு எல்லாம் முடிந்தது என்று கடிதம் போட்டுவிட்டது. அச்சுவேலியிலிருந்து குருநகருக்கு ஸ்கூட்டியில் வந்து படிப்பிக்கும் மனுசிக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு பரிசோதனைதான்.

ஏழாம் தரத்தில் ஏ வகுப்புக்கு அவர் கண்டுபிடித்த புது முறை. பி வகுப்புக்குக் கொப்பியில் எழுத்து மட்டும், வாயே திறக்கக் கூடாது. இரண்டு மாதம் கழித்து இரு வகுப்பையும் பாடவிட்டால் முறையின் மகிமை தன்னால் தெரியும். மாசியும் பங்குனியும் தோதாக இருந்தன. ஏ வகுப்பைப் பின்னேரத்திலும் மறித்து வைத்துப் படிப்பித்தார். தாய்மார் மூச்சும் விடவில்லை. ரீச்சர் டொக்டர் ஆகப்போகிறா என்றால் யார்தான் குறுக்கே நிற்பார்கள்?

வெளியாசிரியர் இருவர் வந்து புள்ளி போட்டார்கள். ஏ வகுப்புக்குச் சராசரி நாற்பத்தொன்று, பி வகுப்புக்கு எழுபத்தெட்டு. உதயகலா மூன்று தரம் கூட்டினார். கல்குலேற்றரை மாற்றியும் கூட்டினார். பிறகு பி வகுப்பு றொசாந்தியைக் கூப்பிட்டார்.

“உண்மையைச் சொல்லும் பிள்ளை. உங்களுக்கு ஆர் பாட்டுப் படிப்பிச்சது?”

“ஒருத்தரும் இல்லை ரீச்சர். தபசு காலமெல்லோ? பின்னேரத்திலை கோயிலிலை பசான் பாடுறனாங்கள்.”

“எல்லாருமோ?”

“ஓம். ஏ வகுப்புப் பிள்ளையள்தான் வாறேல்லை. அவையள் உங்களிட்டையெல்லோ நிக்கினம்.”

ஈஸ்ரருக்கு முந்திய நாற்பது நாளும் ஆண்டவர் பட்ட வேதனையைக் குருநகர் இராகம் போட்டுப் பாடும் என்பது, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்து போகும் சைவக்காரிக்குத் தெரிந்திருக்கவில்லை. முந்நூறு பக்க ஆய்வேட்டிலும் அது இல்லை.

அன்று பின்னேரமே கோயிலுக்குப் போனார். மீன் விற்கும் ஜெசிதா முதலடியை எடுத்தாள். முழங்காலில் நின்ற பிள்ளைகள் பின்னால் இழுத்துப் பாடினார்கள். ஒரு சுரம் பிசகவில்லை. ஏ வகுப்பும் இங்கே நின்றிருந்தால் இப்படித்தான் பாடியிருக்கும். அதுகளைப் பாடவிடாமல் மறித்தது தன்னுடைய முறைதான் என்று விளங்கியபோது அவருக்குத் துக்கம் தாங்கவில்லை. போன ஆறு வருடத்துக்கும் சேர்த்து, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

பாட்டு முடிய ஜெசிதா வந்து அவருடைய முதுகைத் தடவினாள்.

“அழுங்கோ ரீச்சர். ஆண்டவரை வதைச்ச கதையைக் கேட்டால் சைவமெண்டாலும் மனம் தாங்குமே?”

உதயகலா ஓம் என்று தலையாட்டினார்.