தேத்தண்ணி மணிக்கூடு

சுவர்ணா தேத்தண்ணி இயந்திரத்தின் பிடியில் செருகியிருந்த நெருப்புக்குச்சியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் கிடந்த அம்பலவாணன் கண்களைத் திறந்தார்.

"அதை விடு பிள்ளை. கொம்மா வந்து கதிரையிலை இருக்கிறா. ஷிப்டுக்குப் போகவேணும்."

கதிரை வெறுமையாக இருந்தது. அம்மா நகுலேஸ்வரி இறந்து ஆறு வருடம்.

"குசினியிலை தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன் அப்பா."

"இல்லை. மெசினிலை வை."

பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த காலத்தில், லீவு நாட்களில் அம்பலவாணன் நூலகத்துக்குப் போய், நூறு வருடத்துக்கு முந்திய காப்புரிமைப் படங்களைப் பிரதி எடுத்து வருவார். கிழங்குத் தோல் சீவும் சக்கரம், ஈரத்துணி பிழியும் உருளை. "உரிமைக் காலம் முடிஞ்சுது. இனி ஆரும் செய்யலாம்" என்பார். செய்தவற்றில் பெரும்பாலானவை ஓடவில்லை. இது ஓடியது. மணிக்கூடு அடித்ததும் குச்சி உரசித் தீப்பற்றும். ஸ்பிரிட் விளக்கு எரியும். தண்ணீர் கொதித்ததும் கேத்தில் தானாகச் சரிந்து தேயிலைப் பாத்திரத்துக்குள் ஊற்றும். ஒரு தகடு விழுந்து சுடரை அணைக்க, இன்னொரு மணி அடிக்கும். விடியமுன் பஸ் ஏறி அலுவலகங்கள் துப்புரவாக்கப் போகும் மனைவிக்குத் தேத்தண்ணி கொடுக்க, அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை.

"அக்கா, ஒக்சிசன் ஓடுது. வீடு எரிஞ்சுபோம்" என்றான் வாசலில் நின்ற தம்பி சஞ்சயன். "அவருக்குத்தான் மூளை குழம்பிப்போச்சு. உனக்குமோ?"

அம்பலவாணன் மூக்கிலிருந்த குழாயை இழுத்துவிட்டார். அவள் திரும்ப மாட்டினாள். அவர் திரும்பவும் இழுத்தார்.

"கொஞ்சம் பொறும் நகுலா" என்றார் கதிரையைப் பார்த்து. "பிள்ளை வைக்கிறாள்."

சுவர்ணா நேர்ஸ் பெனிற்றாவுக்குப் போன் எடுத்தாள்.

"இப்ப ஒக்சிசன் பெரிசா உதவேல்லை அக்கா" என்றாள் பெனிற்றா. " வேண்டாமெண்டால் வற்புறுத்தாதையுங்கோ. நான் வெளிக்கிட்டு வாறன்."

நெருப்பைப் பற்றி சுவர்ணா கேட்கவில்லை. ஒக்சிசன் மெசினின் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அழுத்தினால் திரும்ப எடுக்க முடியாத ஒன்றைச் செய்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்பா அவளைப் பார்க்கவேயில்லை. அழுத்தினாள். வாரக்கணக்காக அறையை நிறைத்திருந்த இரைச்சல் நின்றது.

சஞ்சயன் ஜன்னல்களைத் திறந்தான். கோலியர்ஸ் வுட் பகுதியின் பின்னேரக் குளிர் உள்ளே வந்தது. பிறகு தேத்தண்ணி மெசினைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் இருந்த நடைபாதையின் கடைசித் தொங்கலில் வைத்தான். அறைக் காற்று மாறும்வரை இருவரும் காத்திருந்தார்கள். சுவர்ணா குச்சியைத் திரும்பச் செருகிச் சாவியை முறுக்கிவிட்டு, அப்பாவின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

மணி அடித்தது. குச்சி உரசும் சத்தம் அறைவரை கேட்டது. அம்பலவாணனின் உதடுகள் எதையோ எண்ணுவதுபோல அசைந்தன. தண்ணீர் முனகத் தொடங்கி, பிறகு கொதித்தது. கேத்தில் சரிந்தது. தகடு விழுந்தது.

இரண்டாவது மணி அடித்தபோது அவர் முகம் கதிரைப் பக்கம் திரும்பியிருந்தது. வெளியே விட்ட மூச்சு திரும்ப உள்ளே போகவில்லை.

இருவரும் அழவில்லை. சுவர்ணா எழுந்துபோய்க் கோப்பையில் தேத்தண்ணியை வார்த்தாள். சீனிப் போத்தலைத் திறந்தாள்.

"போடாதை" என்றான் சஞ்சயன். "அம்மாவுக்குச் சீனி வருத்தமெல்லோ."

கோப்பையை வாங்கிக்கொண்டுபோய்க் கதிரைக்குப் பக்கத்தில் அவனே வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் மணி கேட்டது. சஞ்சயன் போய்த் திறந்தான். பெனிற்றா கால்மிதியில் சப்பாத்தைத் துடைத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவின் அறைக்குள் போனாள்.

அவன் கதவைச் சாத்தவில்லை. மழைத் தூறல் உள்ளே அடித்தது. ஒடுங்கிய அந்த நடைபாதையில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, யாரோ வெளியே போவதற்கு வழிவிடுவதுபோல நின்றான். சுவர்ணாவும் சாத்தச் சொல்லவில்லை. தெருவில் ஒரு பஸ் வந்து நின்று, புறப்பட்டுப் போனது. அதன் பிறகுதான் அவன், சத்தம் வராமல், கதவைச் சாத்தினான்.