உப்பில்லாத தேநீர்

என் தம்பி கிலாக்குக்கு மறதி கூடவே பிறந்தது. பனியாறு வந்து கடலில் முட்டும் இடத்தில் ஹாலிபட் மீன் பிடிக்க வந்திருக்கிறோம். தேநீருக்காக, மிதக்கும் பனிமலையிலிருந்து வெட்டிவைத்த நன்னீர் ஐஸ் கட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

உறைந்த கடலில் மீன்துளை வெட்டியபோது தெறித்த ஐஸை வாளியில் அள்ளிவந்து, கரைப்பாறையில் அடுப்பு மூட்டியிருந்த என் முன் கொட்டினான்.

“இதைக் காய்ச்சு, அக்கா.”

“கடல் ஐஸ்ல டீயா? உப்புக் கரிக்கும்டா, மடையா!”

“உன் வாய்க்கு உப்பு தேவலை.”

நாய்கள் இழுக்கும் பனிவண்டியை ஓட்டிக்கொண்டு துளைக்குத் திரும்பிவிட்டான். குடிக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று வீம்புக்குக் காய்ச்சினேன். ஒரு வாய் குடித்தேன்.

உப்பில்லை. மறுபடி குடித்தேன். துளியும் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உப்பு ஐஸ் யோக்கியமானது. வளைந்து, முனகி, எச்சரித்துவிட்டுத்தான் உடையும். நன்னீர் ஐஸ் மெல்லியதாக இருந்தாலும் உளிக்குக் கல் மாதிரி கெட்டி, சொல்லாமல் உடையும். அந்தக் கெட்டியை நம்பித்தான் இவன் வண்டியோடு போயிருக்கிறான்.

எலும்பைக் கடிக்கிற இந்தக் குளிரில் மேலே எதுவும் உருகாது. உருகுவது அடியில். எங்களுக்கு மீன் தருகிற வெதுவெதுப்பான ஆழ்கடல் நீரே பனியாற்றின் அடியை அரிக்கிறது. உருகிய நன்னீர் உப்புநீரைவிட லேசு என்பதால் மேலேறி வந்து உறைந்திருக்கிறது. நடுக்குளிர்காலத்தில்!

தம்பி மீனை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தான்.

“கிலாக்! நில்லு! நாய்க் கயித்தை அறுத்து விடு! கீழ படு!”

“ஏன், டீ அவ்வளவு கேவலமா?”

“உப்பே இல்லடா!”

சிரிப்பு நின்றது. அவனும் இந்தக் கடல்காரன்தானே. கயிற்றை அறுத்தான். நாய்கள் கரைக்குப் பாய்ந்தன. குப்புறப் படுத்து ஊர்ந்தான். அவன் பின்னால் வண்டி நின்றிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐஸ் படாரென்று பிளந்து, வண்டியும் மீனும் போய்விட்டன. கறுப்புத் தண்ணீர்தான் இருந்தது.

அவனைக் கரைக்கு இழுத்துப்போட்டு ரெண்டு அறை விட்டேன். பிறகு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

என் குவளையை வாங்கி ஒரு மிடறு குடித்தான். கடலைப் பார்த்தான். அதன்மேல் ஊர்க்காரர்கள் அத்தனை பேரின் வண்டித்தடமும் கிடந்தது.

“இத்தனை வருஷமா எல்லாரும் வீட்டுலேர்ந்து கட்டி கொண்டாந்தோமே அக்கா,” என்றான். “ஒருத்தராவது இந்தக் கடல் ஐஸை நாக்குல வச்சுப் பார்த்தோமா?”